சினை நிற்கவில்லையா? பசுவைக் குறை சொல்லும் முன் காளையின் ரத்தத்தைப் பாருங்கள்!

பசு பருவத்துக்கு வந்து கத்துகிறது. காளைக்கு விட்டாயிற்று. 21 நாள் கழித்து மறுபடியும் கத்துகிறது. மறுபடியும் காளை. மூன்றாவது முறையும் இதே கதை என்றால், வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: 'இது மலட்டு மாடு.' அடுத்த வாரச் சந்தையில் அந்தப் பசு கிடைத்த விலைக்குப் போய்விடும்.

இந்த விசாரணையில் ஒருவரை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றுவதே இல்லை. அது காளை.

திமில் நிமிர்ந்து, தோல் மினுமினுத்து, மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும் காளையைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் கட்டுமஸ்தான உடம்பும் கருத்தரிக்க வைக்கும் திறனும் ஒன்றல்ல. முன்கூட்டியே சோதித்துத் தேர்வு செய்யப்படாத காளைகளை வெளிநாட்டு மந்தைகளில் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒரு காளைக்காவது கருவுறச் செய்யும் திறன் குறைவாக இருப்பது தெரியவந்தது. அடியோடு மலடான காளை அபூர்வம். பாதித் திறனோடு சுற்றும் காளைதான் அதிகம். அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினமும்கூட. ஏனென்றால் அதற்கு எப்போதாவது ஒரு கன்று பிறந்துகொண்டே இருக்கும்.

ஒரு பசு சினைப்படாவிட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு கன்று நட்டம். ஒரு பொலிகாளை சரியில்லாவிட்டால் ஊருக்கே நட்டம். நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு காளை, ஆண்டுக்கு 50, 60 பசுக்களுக்குத் துணையாக இருக்க முடியும். அத்தனை வீடுகளின் பாலும் கன்றும் அந்த ஒற்றைக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. நாட்டு இனமாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. 'ஊர்க் காளையால் பலனில்லை' என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், மாடு வைத்திருப்பவர்கள் கிடைத்த கலப்பின ஊசியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு காளையின் குறை, ஓர் இனத்தின் வரிசையையே அறுத்துவிடக்கூடும்.

அந்தக் குறையில் பெரும்பகுதி, காளை என்ன தின்கிறது, அதன் ரத்தம் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

குறை யாரிடம்? ஒரு நோட்டுப் புத்தகம் சொல்லிவிடும்

ஆய்வுக்கூடம் போவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எந்தத் தேதியில், யார் வீட்டுப் பசு, காளைக்குச் சேர்ந்தது என்று எழுதி வையுங்கள். அவ்வளவுதான்.

ஒரே ஒரு பசு மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது, மற்றவை எல்லாம் சினை நிற்கின்றன என்றால், பிரச்னை அந்தப் பசுவிடம் இருக்கலாம். வெவ்வேறு வீட்டுப் பசுக்கள், வெவ்வேறு தீவனம் தின்பவை, ஒன்றன்பின் ஒன்றாக 21 நாளில் திரும்பி வருகின்றன என்றால்? அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது காளை ஒன்றுதான். சந்தேகம் அங்கே போக வேண்டும்.

இந்தக் கணக்கை எழுதி வைக்காததால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் 'நம்ம மாடுதான் சரியில்லை' என்று தனித்தனியே நினைத்துக்கொள்கிறார். தனித்தனியே விற்றும்விடுகிறார்.

70 நாள் கணக்கு

காளையின் உடலில் ஒரு விந்தணு தொடக்கத்திலிருந்து முழு வடிவம் பெற சுமார் 61 நாள் ஆகிறது. பிறகு விரையை ஒட்டியிருக்கும் நீண்ட குழாயில் பயணம் செய்து முதிர்வதற்கு இன்னும் ஒன்றரை வாரம் வரை ஆகும். ஆக மொத்தம் ஏறத்தாழ 70 நாள்.

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால், காளை வளர்ப்பில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்று காளையிடம் இருக்கும் விந்தணு, இரண்டு மாதத்துக்கு முன்பு அது என்ன தின்றது, என்ன நோயில் கிடந்தது என்பதற்கான பதில். நேற்றிலிருந்து சத்தான தீவனம் போட்டால் நாளை பலன் தெரியாது. அதேபோல, இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த காய்ச்சலை எல்லோரும் மறந்துபோன பிறகு, அதன் விளைவு இப்போது தலைகாட்டும்.

நல்ல காளையின் விரைகள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோடி விந்தணுக்களை உண்டாக்குகின்றன. ஓய்வே இல்லாமல் ஓடும் இந்தத் தொழிற்சாலைக்கு வேண்டிய புரதம், சர்க்கரை, பிராண வாயு, தாது உப்பு, வைட்டமின் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தம்தான். ஆனாலும் உருவாகிக்கொண்டிருக்கும் விந்தணுவை ரத்தம் நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் நெருக்கமாகக் கோத்த செல்களால் ஆன ஒரு காவல் சுவர் இருக்கிறது. செவிலித்தாய் போன்ற அந்தச் செல்கள், ரத்தத்திலிருந்து வேண்டியதை வாங்கி உள்ளே ஊட்டுகின்றன. ரத்தத்தில் சத்து இல்லாவிட்டால் அவை எதை ஊட்டும்?

கொறங்காடு கற்றுத்தரும் பாடம்

தமிழ்நாட்டில் காளைக்குப் பெயர்போன இனம் காங்கேயம். கொங்கு நாட்டில் பொலிகாளையைப் 'பூச்சிக்காளை' என்பார்கள். இந்த இனத்தைப் பேணியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதே அளவு பங்கு, அந்த மண்ணின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கும் உண்டு.

முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே நிழலுக்கும் தீனிக்குமாக வெள்வேல மரங்கள். மழை பெய்தால் பச்சைப் புல், பயறு வகைச் செடிகள். கோடையில் காய்ந்த புல்லோடு, புரதம் நிறைந்த வெள்வேலங்காய். மாடு நாள் முழுக்க நடந்து, தேர்ந்து மேயும். ஒரே தட்டில் பல பதார்த்தம் என்பதுபோல, அதற்கு வேண்டியது பலவகைச் செடிகளிலிருந்து கிடைத்துவிடும்.

கட்டுத்தறியில் வைக்கோலை மட்டும் தின்று நிற்கும் காளையின் நிலை வேறு. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் 3, 4 சதவிகிதம்தான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. வைட்டமின் 'ஏ' உருவாகத் தேவையான கரோட்டின் கிட்டத்தட்ட இல்லை.

எந்தச் சத்து குறைந்தால் என்ன ஆகும்?

வைட்டமின் ஏ: பசுந்தீவனத்தில் இருக்கும் கரோட்டினிலிருந்து உடல் இதைத் தயாரித்து, ஈரலில் சேமித்து வைக்கிறது. பச்சையே காட்டாமல் இரண்டு, மூன்று மாதங்கள் போனால் சேமிப்பு கரையத் தொடங்கும். விந்தணு உருவாகும் படலமே சிதைவுறும். மாலைக்கண் வருவதற்கு முன்பே, சினை நிற்காத பிரச்னை வந்துவிடலாம்.

துத்தநாகம்: விரையின் வளர்ச்சி, ஆண்மை ஹார்மோன், விந்தணுவின் வால் உறுதி ஆகியவற்றுக்கு இது வேண்டும். குறைந்தால் தோல் தடித்துச் செதில் செதிலாக உரிவதும் உண்டு. தோல் வியாதி என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்.

செலினியமும் வைட்டமின் ஈ-யும்: விந்தணுவின் தலைக்கும் வாலுக்கும் இடையில்தான் அதன் 'என்ஜின்' இருக்கிறது. அதைக் காப்பவை இந்த இரண்டும். இவை குறைந்தால் வால் ஒடிந்த விந்தணுக்கள் கூடும். எண்ணிக்கை இருக்கும், ஓட்டம் இருக்காது.

தாமிரம், கோபால்ட்: ரத்தம் ஊற இரும்பு மட்டும் போதாது, தாமிரமும் வேண்டும். கோபால்ட்டைக் கொண்டுதான் மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 தயாரிக்கின்றன. அதுவும் ரத்தத்துக்கே போகிறது.

புரதமும் மாவுச்சத்தும்: இவை குறைந்தால் காளை பசுவைப் பார்த்தும் ஆர்வம் காட்டாமல் நிற்கும். விந்தின் அளவும் குறையும்.

அதற்காக அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. கொழுத்த காளைக்கு விரைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து, உள்ளே சூடு தங்கிவிடும். மாட்டுப் பொங்கல் அன்று அன்பு மிகுதியால் சோறும் பொங்கலும் வாளி வாளியாக வைப்பது இன்னொரு சிக்கல். மாவுச்சத்து திடீரென்று அதிகமாகி வயிற்றில் அமிலம் பெருகும். உயிருக்கே ஆபத்தாகலாம். தப்பித்தாலும் குளம்பில் வலி வந்து, பின்னங்காலை ஊன்றி ஏற முடியாத காளையாகிவிடும்.

கன்றாக இருக்கும்போதே தீர்மானமாகிறது

காளையின் விரை எந்த அளவுக்கு வளரும் என்பது, அது கன்றாக இருக்கும் முதல் ஆறேழு மாதத்திலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. அந்தப் பருவத்தில்தான் மூளையிலிருந்து வரும் ஹார்மோன், விரையை வளரச் சொல்லி முதல் கட்டளை போடுகிறது. அப்போது பாலும் தீவனமும் போதாமல் வாடிய கன்றுக்கு, பிற்பாடு ஒரு வயதில் எவ்வளவு போட்டாலும் அந்தக் குறை முழுதாக ஈடாவதில்லை. உடம்பு தேறிவிடும். விரை சிறிதாகவே நின்றுவிடும்.

பால் விற்கும் வீடுகளில் கிடாரிக் கன்றுக்கு ஒரு கவனிப்பு, காளைக் கன்றுக்கு ஒரு கவனிப்பு என்பது ஊரறிந்த விஷயம். ஒரு மடியையாவது கன்றுக்கு விடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னது இரக்கத்துக்காக மட்டும் அல்ல. நாளைக்கு ஊருக்குப் பொலிகாளையாக நிற்கப்போவது எந்தக் கன்று என்று முடிவு செய்துவிட்டால், அதற்குப் பாலில் கைவைக்காமல் இருப்பதே முதல் முதலீடு.

நாட்டு இனங்கள் மெதுவாகத்தான் பருவமடையும். இரண்டரை, மூன்று வயது ஆவதற்குள் அவசரப்பட்டு வேலைக்கு விடுவதும் அதன் வளர்ச்சியைக் கெடுக்கும்.

பருத்திக்கொட்டையில் ஒளிந்திருக்கும் வில்லன்

காளைக்குப் பருத்திக்கொட்டை என்பது தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட ஒரு மரபு. ஊறவைத்து, ஆட்டி, தவிட்டோடு கலந்து வைத்தால் காளை மெருகேறும் என்பார்கள். மெருகேறும் என்பது உண்மைதான். கொழுப்பும் புரதமும் நிறைந்த தீவனம் அது. ஆனால் பொலிகாளைக்கு வைக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை.

பருத்தி விதையில் 'காசிபால்' என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தயாரிக்கும் நஞ்சு அது. இதன் வேலை முதலில் தெரியவந்தது சீனாவில். சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட கிராமங்களில் குழந்தைப் பிறப்பு குறைந்தது. காரணம் தேடியபோது காசிபால் பிடிபட்டது. 1970-களில் அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கலாமா என்று ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தும் பார்த்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது. சிலருக்குக் கருத்தரிக்க வைக்கும் திறன் திரும்பவே இல்லை. அதனால் கைவிட்டார்கள். கடையில் விற்கும் சுத்திகரித்த பருத்தி எண்ணெயில் இந்தக் காசிபால் நீக்கப்பட்டுவிடுகிறது என்பதால் சமையலறையில் பயப்பட வேண்டாம்.

ஆடு, மாடு போன்ற அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பை, ஓரளவு காசிபாலைக் கட்டிப்போட்டுவிடும். அதனால்தான் கறவை மாடுகள் பருத்திக்கொட்டையைத் தாங்குகின்றன. அளவு மீறினால், கட்டுப்படாத மிச்சம் ரத்தத்துக்குப் போகிறது. அங்கே இரண்டு இடத்தில் அடிக்கிறது. ஒன்று, ரத்தச் சிவப்பணுக்களின் மேல்சவ்வு பலவீனமாகி எளிதில் உடைகிறது. இன்னொன்று, விந்தணுவின் என்ஜின் பகுதி சிதைகிறது. ஒரே நஞ்சு, ரத்தத்தையும் இனவிருத்தியையும் ஒருசேரக் கெடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வளரும் இளங்காளைகள் இதற்கு எளிதில் ஆளாகும்.

காசிபால் தண்ணீரில் கரையாது. எனவே ஊறவைத்து ஆட்டுவதால் மட்டும் அது போய்விடாது. நல்ல சேதியும் உண்டு. நிறுத்திவிட்டால் காளைகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. வைட்டமின் ஈ கொடுத்தால் பாதிப்பு குறைகிறது. இளங்காளைக்குப் பருத்திக்கொட்டையைத் தவிர்ப்பதும், வளர்ந்த பொலிகாளைக்கு அதையே முக்கியத் தீவனமாக்காமல் இருப்பதும் நல்லது. கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு என்று மாற்று நிறைய இருக்கிறது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மட்டும் வேண்டாம். அந்தப் பூஞ்சையின் நஞ்சு நேராக ஈரலைத் தாக்கும். சூபாபுல் தழையும் அளவோடு இருக்கட்டும். அதிலுள்ள மைமோசின் என்ற பொருளும் இனவிருத்திக்கு நல்லதல்ல. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் சொல்லும் சேதி

'மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்குமா' என்பார்கள். பொலிகாளை விஷயத்தில் உடம்பே சில சமயம் கொம்பு மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே எதுவும் தெரியாது. உள்ளே ரத்தம் இளைத்திருக்கும்.

மாட்டின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 8 முதல் 15 கிராம் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. காளை சீக்கிரம் களைக்கும், மூச்சு வாங்கும், பசுவை நாடாது.

மனிதர்களுக்கு ரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை நினைவுக்கு வரும். வளர்ந்த மாடுகளில் கதை வேறு. மேயும் மாட்டுக்கு இரும்புச்சத்துப் பற்றாக்குறை வருவது அரிது. ரத்தம் பெரும்பாலும் திருடுதான் போகிறது. முதல் திருடன் உண்ணி. நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதோடு, தைலேரியா, பபீசியா, அனாபிளாஸ்மா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய்களையும் அது பரப்புகிறது. இவை சிவப்பணுக்களையே அழிப்பவை. பபீசியா வந்தால் சிறுநீர் காபி நிறத்தில் போகும். அடுத்தது குடற்புழு. ஏரி, வாய்க்கால் ஓரம் மேய்கிற மாடுகளுக்கு நத்தை மூலம் பரவும் தட்டைப்புழு ஈரலில் குடியேறும். கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தத் திருடர்கள் உள்ளே இருக்கும்போது டானிக் ஊற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: காளையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் ரோஜா நிறமாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. மஞ்சள் தட்டினால் ஈரலையோ சிவப்பணுக்களையோ பிடித்த நோய். பிந்தைய இரண்டில் எதுவானாலும் உடனே மருத்துவர் வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாலே ஒட்டுண்ணி தெரிந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

காய்ச்சலும் கத்திரி வெயிலும்

காளையின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். விரை அதைவிட 2 முதல் 6 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். இதற்காகவே அது உடலுக்கு வெளியே தொங்குகிறது. இதிலும் ரத்தத்தின் பங்கு அழகானது. விரைக்குப் போகும் தமனி, திரும்பி வரும் சிரைகளின் பின்னலுக்குள் நெளிந்து நெளிந்து இறங்குகிறது. மேலேறும் குளிர்ந்த ரத்தம், கீழிறங்கும் சூடான ரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

காய்ச்சல் வந்தால் இந்த ஏற்பாடு தோற்றுவிடும். கோமாரி, தைலேரியா, 2022-ல் நாட்டின் பல மாநிலங்களை உலுக்கிய தோல் கழலை நோய் என எந்தக் காய்ச்சலானாலும், காளை எழுந்து தீனி எடுத்த பிறகும் விந்து தேற இரண்டு மாதத்துக்கு மேல் ஆகலாம். தோல் கழலை நோயில் அந்த வைரஸே விந்தில் வெளியேறும் என்பதால், குணமானதும் அவசரப்பட்டுப் பசுவோடு சேர்க்கக் கூடாது.

கத்திரி வெயிலும் அப்படித்தான். மே மாதத்துச் சூட்டின் பாதிப்பு ஜூன், ஜூலையில் தெரியும். நாட்டுக் காளைகள் வெயிலை ஓரளவு தாங்கும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்புக் காளைகளுக்கும் எருமைக் கிடாக்களுக்கும் நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

ஒரு காளை, ஊர் முழுக்க நோய்

ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு முக்கியக் காரணம், புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய். இந்தக் கிருமி இருக்கும் காளைக்கு விரை வீங்கலாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். பசுக்களுக்கோ சினைக்காலத்தின் பிற்பகுதியில் கன்று வீசிவிடும். கன்று வீசிய மாட்டைக் கையுறை இல்லாமல் கையாள்வோருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்போருக்கும் இது தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாகப் படுத்தும். இதற்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும்தான். காளைக்குப் போடுவதில்லை. ஆகவே காளையைப் பொறுத்தவரை ரத்தப் பரிசோதனை ஒன்றே காவல்.

அரசு விந்து நிலையங்களில் இந்தக் கவனிப்பு எல்லாம் நடைமுறையிலேயே உண்டு. தஞ்சாவூர் அருகே ஈச்சங்கோட்டை, சென்னை அருகே அலமாதி போன்ற இடங்களில் உறைவிந்து தயாரிக்கப்படுகிறது. அங்கே காளைகளுக்குக் காசநோய், புரூசெல்லோசிஸ் உள்ளிட்ட நோய்களுக்கான பரிசோதனை முறை வைத்து நடக்கும். ஒரு குச்சியில் 2 கோடி விந்தணு இருக்க வேண்டும். உறையவைத்து இளக்கிய பிறகும் பாதியாவது ஓட வேண்டும். இல்லாவிட்டால் அது வெளியே போகாது. ஊர்க் காளைக்கு இத்தனை கெடுபிடி சாத்தியமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு விந்துப் பரிசோதனையும் சாத்தியம்தான்.

விந்தை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர், அதன் ஓட்டத்தையும் வடிவத்தையும் கவனிப்பார். நூறில் எழுபதாவது சரியான வடிவில் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். விரைப்பையின் சுற்றளவை நாடாவால் அளப்பார். இரண்டு வயது தாண்டிய வெளிநாட்டு இனக் காளைக்கு 34 சென்டிமீட்டர் எதிர்பார்க்கப்படும். நாட்டு இனங்களுக்கு இந்த அளவு சற்றுக் குறையும். அதே இனத்து, அதே வயதுக் காளையோடு ஒப்பிடுவதே சரி.

ஆடியில் தொடங்குங்கள்!

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது பயிருக்கு மட்டுமான வாக்கு அல்ல. மானாவாரிச் சீமைகளில் ஐப்பசி மழைக்குப் பிறகு புல் தழைத்து, பசுக்கள் தேறி, பருவத்துக்கு வரத் தொடங்கும். அதற்கு 70 நாள் முன்னே எண்ணினால் ஆடிக் கடைசி வரும். காளையைத் தயார்செய்ய அதுதான் பட்டம்.

• சாணத்தைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்தால் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். உண்ணியைக் காளையின் உடம்பில் மட்டுமன்றி, கொட்டகையின் சுவர் இடுக்கிலும் ஒழியுங்கள்.

• எடையில் 100 கிலோவுக்கு 2 முதல் 2.5 கிலோ உலர்பொருள் என்பது தீவனக் கணக்கு. 400 கிலோ காளைக்கு ஈரப்பதம் நீக்கி 8 முதல் 10 கிலோ. இதில் பசுந்தீவனம் தினமும் இருக்கட்டும். அடர்தீவனம் 2, 3 கிலோ போதும்.

• வட்டாரத்துக்கு ஏற்ற தாது உப்புக் கலவையைத் தினமும் 30 முதல் 50 கிராம் கலந்து கொடுங்கள். கல் உப்பு மட்டும் இதற்கு ஈடாகாது. துத்தநாகமும் தாமிரமும் அதில் கிடைக்காது.

• கோடையில் எந்நேரமும் குடிதண்ணீர், நிழல். வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் நடை அவசியம். கட்டியே போட்ட காளைக்குக் கொழுப்பும் குளம்புக் கோளாறும் சேரும்.

• வாரத்துக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் இணை சேர்க்க வேண்டாம். காய்ச்சல் வந்து தேறினால், இரண்டரை மாதம் ஓய்வு கொடுத்து, விந்தைச் சோதித்த பிறகே மறுபடி விடுங்கள்.

• மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காளையை வேறு ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தன் கிடாரிகளுக்கே அது துணையாகிவிடும்.

• அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள்.

இவற்றில் எதுவும் பெரிய செலவில்லை. ஒரு நல்ல பசுவைத் தவறான பழியோடு சந்தையில் விட்டு வரும் நட்டத்தோடு ஒப்பிட்டால், ஒரு குப்பி ரத்தத்தை ஆய்வுக்கு அனுப்பும் செலவு கொசுறுதான். அடுத்த முறை ஊரில் இரண்டு மூன்று பசுக்கள் சேர்ந்தாற்போல் சினை நிற்கவில்லை என்று காதில் விழுந்தால், சந்தைக்குக் கயிறு பிடிப்பதற்கு முன் காளையின் கீழ் இமையை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.